முப்பது ஆம்பியர்

வேனக்கா என்றுதான் எல்லோரும் அவளைக் கூப்பிட்டார்கள். சட்டை தைக்கும் கம்பெனிக்குப் பெண்களைக் காலையில் ஏற்றிப்போய், சாயங்காலம் வீட்டு வாசலில் இறக்கிவிடுகிற வேன் அவளுடையது. முதலில் அதை ஓட்டியவன் அவளுடைய புருஷன். முதுகெலும்பில் வட்டு விலகி, உட்கார்ந்தால் எழ முடியாமலும் எழுந்தால் உட்கார முடியாமலும் அவன் படுத்துவிட்ட பிறகு, அவள் ஓட்டக் கற்றுக்கொண்டாள். கற்றுக்கொடுத்ததும் அவன்தான். பக்கத்து சீட்டில் தலையணை வைத்துச் சாய்ந்துகொண்டு, "கிளட்சை மிதி. எம்மேல இருக்கற கோபத்தையெல்லாம் சேர்த்து வச்சு மிதி" என்பான்.

வெயில் ஏறியதும் பெண்கள் புழுங்கிப்போனார்கள். "வேனக்கா, உள்ள உட்கார்ந்தா இட்டிலிப் பானைக்குள்ள உட்கார்ந்த மாதிரி இருக்கு" என்றாள் ஒருத்தி. வண்டிக்கு அலங்காரச் சாமான் விற்கிற கடையில் வேனக்கா சின்னச் சின்ன ஃபேன்கள் வாங்கி மாட்டச் சொன்னாள். கடைக்காரன் பாட்டுப் பெட்டியையும் போன் சார்ஜர்களையும் சேர்த்தே மாட்டிக் கொடுத்தான். வயர்களெல்லாம் தரையில் புதிதாக விரித்த ரப்பர் மிதியடிக்கு அடியில் பின்சீட்டு வரைக்கும் போயின. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டால் கொஞ்ச நேரத்தில் பியூஸ் போய்விடும். ஃபேன் நிற்கும், பாட்டு நிற்கும், பெண்களின் முனகல் ஆரம்பிக்கும்.

அவளுடைய கொழுந்தன் வண்டி எலக்ட்ரீஷியன். ஸ்டியரிங்குக்குக் கீழே தலையை நுழைத்து, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு வெளியே வந்தான்.

"அண்ணி, இது சிகரெட் லைட்டருக்கு வந்த வயரு. அதுலயே எல்லாத்தையும் முறுக்கி, டேப் சுத்தி விட்டிருக்கான். பத்து ஆம்பியருக்கு மேல இது தாங்காது."

"அப்ப பெரிய பியூஸா போட்டுடு தம்பி."

"பியூஸை மாத்தினா வயர் தடிச்சிடுமா? சூடு தாங்கலன்னுதான் பியூஸ் தன்னை எரிச்சுக்கிட்டு நிறுத்துது. அதைப் பெருசாக்கினா, அதுக்குப் பதிலா வயர் எரியும். பேட்டரியில இருந்து தனி வயர் இழுத்து, தனி பியூஸ் போட்டுத் தரேன். ரெண்டு நாள் வண்டியை எங்கிட்ட விடுங்க."

ரெண்டு நாள் என்பது நடக்கிற காரியமில்லை. ஒரு நாள் வண்டி வரவில்லையென்றால் அந்த இடத்துக்கு வேறு வேன் வரும் என்று கம்பெனி மேற்பார்வையாளர் முன்பே சொல்லியிருந்தார். விடுமுறை நாளில் பார்க்கலாம் என்று பேசி வைத்தார்கள். அன்றைக்கென்று வழியில் நின்றுபோன பஸ் ஒன்றைப் பார்க்கக் கொழுந்தன் வெளியூர் போகவேண்டி வந்தது. அடுத்த வாரம் வருகிறேன் என்று போனில் சொன்னான்.

மறுநாள் சாயங்காலம் வண்டிக்குள் ஒரு பெண் மயங்கிச் சரிந்தாள். முகத்தில் தண்ணீர் தெளித்து அவளை வீடு சேர்த்துவிட்டு வந்த வேனக்கா, சாவியைக் கட்டில்மேல் எறிந்தாள்.

"நாளைக்கு அவங்க முகத்துல எப்படி முழிக்கறது? படுத்துட்டே இருக்கீங்களே, ஏதாவது பண்ணுங்களேன். நீங்களும் வண்டி ஓட்டினவர்தானே."

சொன்ன பிறகுதான் அது எங்கே போய்த் தைத்தது என்று தெரிந்தது.

காலையில் அவள் குளித்துவிட்டு வரும்போது, அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்குப் போயிருந்தான். ஓட்டுநர் சீட்டில் வியர்க்க வியர்க்க உட்கார்ந்திருந்தான். பியூஸ் பெட்டியின் மூடி திறந்திருந்தது. சிவப்பு பியூஸ் இருந்த இடத்தில் பச்சை இருந்தது. சிவப்பு என்றால் பத்து ஆம்பியர், பச்சை என்றால் முப்பது.

"இனிமே போகாது" என்றான்.

"தம்பி வேண்டாம்னு சொல்லுச்சே."

"அவனுக்கு எதைப் பார்த்தாலும் பயம். அவன் வந்து சரி பண்ற வரைக்கும் ஓடட்டும்." சிரிக்கப் பார்த்தான். "என் முதுகுக்கு இப்படி ஒரு பச்சை பியூஸ் இருந்திருந்தா நான் ஏன் இப்படிக் கிடக்கறேன்."

எத்தனையோ நாளைக்குப் பிறகு தன்னால் ஒரு காரியம் ஆனது என்கிற தெளிவு அவன் முகத்தில் இருந்தது. அவள் அதற்கு மேல் பேசாமல் வண்டியை எடுத்தாள்.

ஃபேன்கள் நிற்காமல் சுற்றின. பெண்கள் பாட்டோடு சேர்ந்து பாடினார்கள். கொழுந்தன் போன் செய்தபோது, "இப்ப ஒண்ணும் தொந்தரவு இல்ல தம்பி, அப்புறம் பார்த்துக்கலாம்" என்று சொல்லிவிட்டாள். பிளாஸ்டிக் கருகுகிற மாதிரி வாடை வருகிறதே என்று ஒருத்தி கேட்டாள். புது மிதியடி, வெயிலுக்கு அப்படித்தான் இருக்கும் என்று மற்றவர்கள் சொல்லி ஜன்னலைத் திறக்கச் சொன்னார்கள்.

அடுத்த விடுமுறை நாளில் புருஷனை முதுகு வைத்தியரிடம் காட்டக் கூட்டிப்போனாள். கடைசி சீட்டில் நீட்டிப் படுக்க வைத்திருந்தாள். ஆஸ்பத்திரி வாசலில் ஒரு மூலையில்தான் இடம் கிடைத்தது, நிழல் இல்லை. "டோக்கன் போட்டுட்டு வந்துடறேங்க" என்று, அவனுக்காக ஃபேனை ஓடவிட்டுப் போனாள்.

வரிசையில் நின்றபோது, வெள்ளை வேன் யாருடையது என்று காவலாளி கத்திக்கொண்டு வந்தார். அவள் ஓடி வருவதற்குள் முன்சீட்டுகள் எரிந்துகொண்டிருந்தன. பக்கக் கதவு முன்சீட்டை ஒட்டி இருந்தது. வெளியே வர வேண்டுமானால் அவன் நெருப்பை நோக்கித்தான் வரவேண்டும். பின்கதவு உள்ளிருந்து திறக்காது. காவலாளி கல்லால் பின்கண்ணாடியை உடைத்தார். சீட்டுகளுக்கு நடுவில் விழுந்து கிடந்தவனை நாலு பேர் சேர்ந்து இழுத்துப் போட்டார்கள். மேலே பெரிய காயம் இல்லை. புகைதான் உள்ளே போயிருந்தது.

ஆஸ்பத்திரிக் கட்டிலில், மூக்கில் வைத்திருந்த ஆக்ஸிஜன் குழாயை ஒதுக்கிக்கொண்டு அவன் ஒன்றே ஒன்று கேட்டான்.

"பியூஸ் போகலையா?"

"போகலங்க" என்றாள்.

அவன் கண்ணை மூடிக்கொண்டான். பொழுது சாய்வதற்குள் உயிர் போய்விட்டது.

காரியமெல்லாம் முடிந்த பிறகு காப்பீட்டு ஆள் வந்தார். கருகிய வண்டியைக் குடைந்து பார்த்துவிட்டு, மேல் பிளாஸ்டிக் ஒரு பக்கம் உருகியும் உள்கம்பி அறாத பியூஸைக் கையில் எடுத்து வந்தார். மாமியாரும் கொழுந்தனும் வாசலில் இருந்தார்கள்.

"இந்த இடத்துல முப்பது யார் போட்டது?"

கொழுந்தன் வாய் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள். "நான்தான் போட்டேன்."

மாமியார் தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

காப்பீட்டு ஆள் போனதும் கொழுந்தன் அவளைக் கொல்லைப் பக்கம் கூட்டிப்போனான். "பியூஸ் பெட்டிய நீங்க ஒரு நாளாவது தொட்டிருக்கீங்களா? அண்ணன் போட்டதுதானே? ஏன் அண்ணி இப்படிச் சொன்னீங்க?"

"பண்ணச் சொன்னது நான்."

"அம்மா சாகற வரைக்கும் உங்கள மன்னிக்க மாட்டாங்க."

"தெரியும். பிள்ளை தன் கையாலயே போட்டுக்கிட்டுப் போய்ச் சேர்ந்தான்னு அவங்களுக்குத் தெரிய வேணாம். யாரையாவது திட்டியாவது மனசை ஆத்திக்கட்டும்."

காப்பீடு கிடைக்கவில்லை. கம்பெனிக்கு வேறு வேன் வந்தது. சேர்ந்து பாடின பெண்கள் தெருவில் அவளைக் கண்டால் குனிந்துகொண்டு போனார்கள். "எங்களையும் சேர்த்துக் கொளுத்தியிருப்பா" என்று ஒருத்தி சொன்னது காதுக்கு வந்தது. அவளுக்குக் கோபம் வரவில்லை. கண்ணை மூடினால் அந்த வேனுக்குள் அத்தனை பெண்களும் உட்கார்ந்திருந்தார்கள். பக்கக் கதவுக்கு முன்னால் நெருப்பு நின்றது. துணிக்கடையில் பிரித்துப் போட்ட சேலைகளை மடித்து அடுக்குகிற வேலையில் சேர்ந்தாள். அங்கே யாரோடும் பேச வேண்டியதில்லை.

மாமியாருக்கும் அவளுக்கும் வேறு போக்கிடம் இல்லை. ஒரே வீடு, இரண்டு அடுப்பு. கொழுந்தன் வரும்போதெல்லாம், வெளியூர் போகாமல் அன்றைக்கு வந்திருந்தால் என்று ஆரம்பித்து பாதியில் நிறுத்துவான். ஒருமுறை, "அம்மா, அந்த பியூஸ் விஷயம்..." என்று வாயெடுத்தான். "தம்பி, டீ போடட்டுமா?" என்று அவள் நடுவில் புகுந்தாள். அவன் வேண்டாம் என்று எழுந்து போனான். பிறகு வருவதைக் குறைத்துக்கொண்டான்.

மழைக்காலத்தில் மாமியாருக்குக் காய்ச்சல் கண்டது. கேட்காமலே அவள் பக்கத்தில் உட்கார்ந்து நெற்றியில் ஈரத்துணி போட்டாள். மாமியார் தடுக்கவில்லை. வெகுநேரம் கழித்து, மகன் செத்த பிறகு முதல்முறையாக அவளைப் பார்த்துப் பேசினாள்.

"ஏன்டி அதைப் போட்ட?"

உண்மை தொண்டை வரைக்கும் வந்தது. அந்தக் கிழ முகத்தைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டது.

"காத்து வரணும்னுதான் அத்தை."

மாமியார் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நெற்றித் துணி நழுவிப் பாயில் விழுந்தது. அதை எடுத்துத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்தாள். திரும்பிக்கொண்ட தலைக்கு அதை எப்படி வைப்பதென்று தெரியாமல், கையில் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள்.