அண்ணனின் ரிமோட் காரும் என் கோபமும்

பொன்னேரிக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் இடையே, ஏரித் தண்ணீரில் நெல் விளையும் ஒரு சிற்றூரில், எங்கள் பெற்றோருக்குத் தலைமகனாகப் பிறந்தவர் அண்ணன். நான் அவருடைய ஒரே தங்கை. அவர் மறைந்து ஓராண்டு நிறைவதையொட்டி வரும் இந்த நினைவு மலரில் எழுதும்படி கேட்ட உறவினர்கள், பிறப்பு, படிப்பு, உழைப்பு, நற்குணம், நன்றி என்று வரிசையும் போட்டுக் கொடுத்தார்கள். "கோவத்தயெல்லாம் அதுல எழுதிவைக்காதம்மா, நாலு பேரு படிக்கறது" என்று சித்தப்பா தனியாகச் சொல்லி அனுப்பினார். வரிசையைக் கூடியவரை மீறவில்லை. கோபத்தை மட்டும் விட முடியவில்லை, மன்னிக்கவும்.

அண்ணன் ஐ.டி.ஐ. முடித்த ஆண்டில் அப்பா காலமானார். மேலே படிக்கும் ஆசையை மூட்டைகட்டி வைத்துவிட்டு, கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்பு உருக்கும் ஆலை ஒன்றில் எலக்ட்ரீஷியனாகச் சேர்ந்தார். அவர் உழைப்பில்தான் நான் டிப்ளமோ படித்தேன், காக்களூரில் பம்ப் உதிரிபாகம் செய்யும் கம்பெனியின் ஸ்டோரில் வேலைக்குச் சேர்ந்தேன், வேப்பம்பட்டுக்கு வாழ்க்கைப்பட்டும் போனேன். 'குடும்பத்துக்காகவே வாழ்ந்தவர்' என்று இம்மலரின் அட்டையில் அச்சிட்டிருக்கிறார்கள். அது முழு உண்மை இல்லை. அண்ணன் தனக்கென்றும் ஒன்று வைத்திருந்தார். அதைத்தான் உங்களில் பலர் பொம்மை என்றீர்கள்.

உருக்குவதற்காக வெளிநாட்டிலிருந்து கன்டெய்னரில் வரும் பழைய இரும்போடு கலந்து வந்தது அது. மணலிலும் மேட்டிலும் ஓடும் பகி வகை ரிமோட் கார். ஒரு முழம் நீளம் இருக்கும். முன்சக்கரம் இரண்டும் இல்லை, மோட்டார் இல்லை, ரிமோட் இல்லை. அண்ணன் சூப்பர்வைசரிடம் கேட்டு, முறையாக கேட் பாஸ் எழுதி வாங்கி, செக்யூரிட்டி சிரிக்கச் சிரிக்க வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

அதற்குப் பிறகு நான்கு ஆண்டுகள். முன்சக்கரம் ஒரு கம்பெனியுடையது, பின்சக்கரம் வேறொன்றுடையது. முன்சக்கரங்களைத் தாங்கும் கைகளை நைலான் பலகையில் அறுத்து அவரே செய்தார். வேறுவேறு வண்டியின் பல்சக்கரங்களை ஜோடி சேர்த்ததில், பல் மூன்று முறை மழுங்கிப்போனது. நான் சொந்தமாக வாங்கிக் கொடுத்த பேரிங்கோ மில்லிமீட்டர் அளவு, வண்டி அங்குல அளவு. "பரவால்ல பாப்பா" என்று கூல்டிரிங்க் டின்னை மெல்லிய பட்டையாக வெட்டி, இடைவெளியில் சுற்றி உட்காரவைத்தார். ரிமோட்டைச் சென்னையில் பழைய சாமான் சந்தையில் கண்டுபிடித்தார். இரண்டு குச்சியும் நீண்ட ஏரியலும் வைத்த பழைய ரிமோட். அதோடு வந்த ரிசீவரை வண்டிக்குள் பொருத்தினார். அந்த ரிசீவர் அந்த ரிமோட்டின் பேச்சை மட்டும்தான் கேட்கும். இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு புதன்கிழமை போன் செய்தார். "ஓடுது பாப்பா. ஆனா லெஃப்ட்ல இழுக்குது. ஞாயித்துக்கெழம வா, ஏரி வத்திக்கெடக்குது, அங்க ஓட்டலாம். அதுக்குள்ள சரி பண்ணிடறேன்." நான்கு ஆண்டில் அவர் குரலை அப்படிக் கேட்டதில்லை. எனக்கு ஞாயிறு மட்டும்தான் விடுமுறை. சரி என்றேன்.

வியாழக்கிழமை அவருக்கு நெஞ்சை அடைத்திருக்கிறது. அண்ணி ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டிருக்கிறார். "கேஸு புடிச்சிக்கினு இருக்குது, வேற ஒண்ணும் இல்ல" என்று ஒரு மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறார். வண்டியின் மோட்டார் லேசாகச் சூடானாலே நிறுத்தி, விரல் வைத்துப் பார்த்து, ஆறும்வரை காத்திருக்கிறவர் இவர். வெள்ளிக்கிழமை காலை நைட் ஷிப்ட் முடிந்து வந்தவர், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சாய்ந்துவிட்டார்.

பெண்கள் சுடுகாட்டுக்கு வராமல் தெருமுனையோடு நின்றுவிட வேண்டும் என்பது நம் வழக்கம். நின்றேன். மூன்றாம் நாள் பால் தெளித்துவிட்டு ஆண்கள் திரும்பிய பிறகுதான், அலமாரியில் வண்டி மட்டும் இருப்பதைப் பார்த்தேன். ரிமோட் எங்கே என்று கேட்டேன். எங்கள் தாய்மாமன் பதில் சொன்னார்.

"அவன் கையிலயே வச்சி அனுப்பிட்டேம்மா. ஆசப்பட்ட சாமானு, வெறுங்கையா அனுப்பக்கூடாதுல்ல."

"வண்டிய ஏன் வைக்கல?"

"அது பெருசா இருந்துது. கட்ட அடுக்க எடம் பத்தல."

"ரிமோட்டு இல்லாம வண்டி எப்படி மாமா ஓடும்?"

"இன்னாம்மா நீ. டிவி ரிமோட்டு போனா வேற வாங்கறதில்ல?"

பக்கத்தில் இருந்த சித்தப்பா, "எரியச் சொல்ல பட்டு பட்டுன்னு வெடிச்சுது. கட்ட காய்ஞ்சிருக்குதுன்னு நெனச்சிக்கினோம்" என்றார். கட்டை இல்லை சித்தப்பா. ரிமோட்டுக்குள் எட்டு பேட்டரி இருந்தது. ஞாயிற்றுக்கிழமைக்கென்று நான் வாங்கிக் கொடுத்தனுப்பியவை.

என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அண்ணியையாவது கேட்டிருக்கலாம். தெருமுனையில்தானே நின்றோம், ஆள் அனுப்ப எவ்வளவு நேரம் ஆகும்? நான்கு ஆண்டு வேலை ஓடுவதை நான் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. அண்ணன் தன் கட்டைவிரலை வைத்து ஓட்டிய அதே குச்சிகளைப் பிடித்து ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று இருந்தேன். அன்பு என்ற பெயரில் அதைச் சாம்பலாக்கிவிட்டார்கள். அன்றிலிருந்து மாமா வீட்டு விசேஷம் எதற்கும் நான் போகவில்லை. காரணம் தெரியாது என்றவர்கள் இப்போது தெரிந்துகொள்ளுங்கள்.

அண்ணனோடு வேலை செய்த ஏழுமலை சார் இரண்டு மாதத்தில் வேறு ரிமோட்டும் அதற்கான ரிசீவரும் கொண்டுவந்தார். வேண்டாம் என்றேன். அண்ணன் கைபட்ட ரிமோட் இல்லாமல் அந்த வண்டி எதற்கு என்று அவரிடமும் எரிந்து விழுந்தேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். "இதுல ஒரிஜினலு இன்னாம்மா இருக்குது? அடித்தட்டு ஒண்ணுதான். மீதியெல்லாம் உங்கண்ணன் மாத்தி மாத்திப் போட்டது. அவரு இருந்திருந்தா ரிமோட்டு போனதுக்கு அழுதுக்கினா இருப்பாரு?"

அவர் சொன்னது சரி என்பதால் கோபம் இன்னும் அதிகமானது. அண்ணன் போய்ப் பதினோரு மாதம் கழித்துத்தான் ஒத்துக்கொண்டேன்.

இம்மலர் அச்சுக்குப் போவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, அண்ணி, ஏழுமலை சார், நான் மூவரும் வற்றிக்கிடந்த ஏரிக்குள் வண்டியைக் கொண்டுபோனோம். யார் சொன்னார்களோ, மாமாவும் வந்து கரையில் நின்றார். பிறகு இறங்கிவந்து, செய்தித்தாளில் சுற்றிய ஒன்றை என்னிடம் நீட்டினார். கருகி வளைந்த ஏரியல்.

"பால் தெளிக்கச் சொல்ல சாம்பல்ல கெடச்சுதும்மா. அன்னிக்கே குடுத்திருக்கணும். உன் மூஞ்சப் பாத்து பயந்துட்டேன்."

வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன். பரவாயில்லை மாமா என்று சொல்ல வாய் வரவில்லை. இன்னும் வரவில்லை.

ஏழுமலை சார் புது ரிமோட்டை என் கையில் கொடுத்தார். குச்சியைத் தள்ளினேன். வண்டி புழுதியைக் கிளப்பிக்கொண்டு பாய்ந்தது. நான் நேராகத்தான் விட்டேன். அது இடதுபக்கம் இழுத்துக்கொண்டு போய்க் கருவேலம் புதரில் முட்டியது. அண்ணி சிரித்தார், உடனே அழுதார். மாமாதான் ஓடிப்போய் அதை எடுத்துவந்து என் காலடியில் நேராகத் திருப்பி வைத்தார்.

நன்றி சொல்ல வேண்டிய இடம். கேட் பாஸில் கையெழுத்திட்ட சூப்பர்வைசருக்கும், நைலான் பலகை தந்த காக்களூர் லேத் பட்டறைக்காரருக்கும், ஏழுமலை சாருக்கும், ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டுப் பார்த்த அண்ணிக்கும், இறுதிச் சடங்குக்கு வந்திருந்து தோள் கொடுத்த உறவினர், நண்பர்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. ஏரியலைக் கொடுத்ததற்காக மாமாவுக்கும் நன்றி. ரிமோட்டுக்காக அவர்மேல் உள்ள கோபம் அப்படியே இருக்கிறது.

ஆனால் பெரிய கோபம் அவர்மேல் இல்லை என்று ஏரியில் நிற்கும்போது தெரிந்துவிட்டது. அதை உரியவரிடமே சொல்லி முடிக்கிறேன். இடதுபக்கம் இழுப்பதைச் சரிசெய்துவிடுவதாகச் சொன்னீர்கள், செய்யவில்லை. நெஞ்சடைப்பை என்னிடம் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கு வரச் சொன்னீர்கள் அண்ணா. நான் வந்தேன். நீங்கள்தான் வரவில்லை.