ஜெயந்தி அக்கா போட்ட ஐந்து நட்சத்திரம்

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக எழுதுகிறேன். அகதிகளுக்கு மனநல ஆலோசனை தரும் கைப்பேசிச் செயலி எங்களுடையது. அதில் அவர்களுக்குத் திருப்தியா என்று கேட்டுப் பதிவதே என் வேலை. மலேசியாவில் டுரியான் துங்காலுக்கு அப்பால், செம்பனைத் தோட்டங்களில் தங்கியுள்ள ஈழத்துக் குடும்பங்கள் என் பொறுப்பு.

ஒரு நாள் மேலாளர் உற்சாகமாகக் கூப்பிட்டார்.

"எல்லாரும் அஞ்சு ஸ்டார் லா! இனிமே கவுன்சலர் கார் எடுத்துக்கிட்டு அங்க போக வேணாம். ஆப் போதும். ரிப்போர்ட்ல சைன் பண்ணிடு."

எனக்கு உறுத்தியது. ஆனால் நான் மகள் தும்மினாலே மூன்று முறை காய்ச்சல் பார்க்கிறவள். என் சந்தேகத்தை நானே நம்புவதில்லை. இருந்தும் மறுநாள், ஐந்து போட்டவர்களில் ஒருவரான ஜெயந்தி அக்கா இருக்கும் கொங்சிக்கு, தோட்டத் தொழிலாளர் குடியிருப்புக்குப் போனேன். பலகைத் தடுப்பு போட்ட அறைகள். அறைக்கு ஒரு குடும்பம். அக்கா வெறுந்தேநீர் தந்தார்.

"ஆப்ல கவுன்சலரோட பேசினீங்களாக்கா?"

"இல்லை, தங்கச்சி. நான் இங்க மூக்கை உறிஞ்சினாலே பக்கத்து அறைக்காரர் என்னண்டு கேப்பார். எப்பிடிக் கதைக்கிறது?"

"அப்புறம் ஏன் அஞ்சு ஸ்டார்?"

"நீங்கள் பிள்ளையை விட்டுட்டு இவ்வளவு தூரம் வாறியள். உங்களுக்குக் குறைச்சுப் போட ஏலுமே? கவுன்சலரம்மா வந்தா செம்பனைக்குள்ள நடந்துகொண்டு கதைப்பம். அண்டைக்கு மட்டுந்தான் நித்திரை வரும்."

"அந்த அஞ்சைக் காட்டித்தான் கவுன்சலர் வர்றத ஆபீஸ்ல நிறுத்தப் போறாங்க."

"ஐயோ! அப்ப அதை அழியுங்கோ!"

மற்ற வீடுகளிலும் ஒரே கேள்வி கேட்டேன்: எங்கே உட்கார்ந்து பேசினீர்கள்? பெரும்பாலோர் பேசவே இல்லை. இடம் இல்லை.

அலுவலகக் கழிப்பறையில் ஒத்திகை பார்த்துவிட்டு மேலாளர் அறைக்குள் போனேன்.

"சார், அந்த ஸ்டார் எனக்குப் போட்டது. ஆப்புக்கு இல்ல. நான் சைன் பண்ண மாட்டேன்."

"உன் கண்ட்ராக்ட் முடியப் போவுது, தெரியும்ல?"

"தெரியும் சார்."

"கை நடுங்குது பாரு. தண்ணி குடிமா."

"நடுங்கட்டும் சார். சைன் பண்றதா இருந்தாத்தானே கை நேரா இருக்கணும்."

கையெழுத்தில்லாமல் அறிக்கை மேலே போக முடியாது. அதனால் இந்த வாரமும் கவுன்சலரின் கார் தோட்டத்துக்குப் போனது. என் ஒப்பந்தம் பற்றி இன்னும் பதில் இல்லை. மகளின் நர்சரிக் கட்டணத்தைத் தினமும் இரவில் கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். ஆனாலும் கையெழுத்துப் போடப்போவதில்லை.

உங்களுக்கு நான் சொல்வது இதுதான்: யாராவது தேநீர் கொடுத்துவிட்டு ஐந்து போட்டால், எங்கே உட்கார்ந்து பேசினார்கள் என்று கேளுங்கள்.

ஜெயந்தி அக்கா இப்போது ஒரே ஒரு நட்சத்திரம் போட்டிருக்கிறார். "கோவிக்காதேங்கோ தங்கச்சி" என்று அதற்கு மன்னிப்பும் கேட்டார். என் வேலைக்குக் கிடைத்த உண்மையான முதல் மதிப்பெண் அதுதான்.