மேலே ஒரு கை, கீழே ஒரு கை

ஓமான் நாட்டு சோஹாரில் நாங்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்து வாடகைக்கு எடுத்திருந்த வில்லாவில் இந்து, முஸ்லிம் என்ற சொற்கள் புழக்கத்தில் இல்லை. மேலே, கீழே என்போம். மாடியில் எட்டுப் பேர், புதுக்கோட்டை, அரியலூர், சிவகங்கைப் பக்கத்து ஆட்கள். கீழே நான்கு பேர், கடலோர ஊர்க்காரர்கள். 'கீழே நோன்பு ஆரம்பிச்சாச்சு' என்றால் ரமலான் பிறந்துவிட்டது என்று பொருள். 'இன்னைக்கு மேலே கறி வேணாம்' என்றால் அமாவாசை. ஊரில் தலைவர்கள் மைக் வைத்துப் பேசும் விஷயத்தை நாங்கள் பதினேழு படிக்கட்டுகளுக்குள் அடக்கி வைத்திருந்தோம். நான் மேலே.

எனக்கு முன்னால் இருந்தவர்கள் காலத்தில் ஏதோ ஒரு கறி விஷயமாகச் சண்டை வந்து, குழம்புச் சட்டி ஒன்று ஹாலின் ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்குப் போயிருக்கிறது. வீட்டுக்கார ஓமானி வந்து பார்த்துவிட்டு "கலாஸ், முடிஞ்சுது, எல்லாரும் காலி பண்ணுங்க" என்று சொல்ல, அன்றே சமாதானம் ஆகிவிட்டார்கள். சமாதானத்தை நாள்காட்டித் தாளின் பின்பக்கம் எழுதி, சமையலறை அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டினார்கள். மூன்றே வரி. மாடும் கிடையாது, பன்றியும் கிடையாது. வெள்ளிக்கிழமை மத்தியானம் எல்லாரும் சேர்ந்துதான் சாப்பிட வேண்டும். எதை மாற்றுவதானாலும் மேலே ஒரு கை, கீழே ஒரு கை தூக்க வேண்டும்.

இந்த மூன்றாவது வரிதான் எங்கள் அரசியல் சாசனம். 'ரெண்டு கை' என்று பெயர். ரெண்டு கை இல்லாமல் வில்லாவில் ஒரு பல்பு மாறாது. கீழே இருப்பவர்கள் கிரிக்கெட் சேனலுக்குக் கை தூக்கவில்லை என்பதற்காக மேலே இருப்பவர்கள் புது கேஸ் அடுப்புக்குக் கை தூக்கவில்லை. பழைய அடுப்பில் ஒரு பர்னர் மட்டும் எரிய, அந்தக் குளிர்காலம் முழுவதும் சாம்பாரும் சோறும் ஒன்றையொன்று சந்திக்காமலே இருந்தன.

எனக்கு இதெல்லாம் பார்க்கப் பொறுக்கவில்லை. துறைமுகத்தில் ஒரு ஒப்பந்தக் கம்பெனியில் நான் டாக்குமெண்ட் கண்ட்ரோலர். மற்றவர்கள் போடும் குழாய்களுக்கு நான் காகிதத்தில் எண் போடுவேன். மிச்ச நேரத்தில் படிப்பேன். பிளவுண்ட நாடுகளில் அதிகாரத்தை எப்படிப் பங்கு போடுகிறார்கள், ஜனாதிபதி இந்தப் பிரிவு, சபாநாயகர் அந்தப் பிரிவு என்று எழுதி வைத்த நாடுகள் எப்படி எழுந்திருக்க முடியாமல் கிடக்கின்றன என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. சாப்பாட்டு நேரத்தில் அதைச் சொல்லவும் செய்வேன். அதனால் வில்லாவில் எனக்குப் பெயர் 'பார்லிமெண்ட்'. "பார்லிமெண்ட் கூடிருச்சு, தட்டை எடுத்துட்டு ஓடுங்கடா" என்பார்கள்.

படிப்பினால்தான் சீர்திருத்தத்தில் இறங்கினேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். வயிற்றினால்தான் இறங்கினேன். எனக்கு அல்சர். பன்னிரண்டரைக்குள் சாப்பிட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து கீழே இருப்பவர்களும் சமையல்காரரும் திரும்பி வந்து, அவர் தாளித்து இறக்க இரண்டே கால் ஆகும். நேரத்தை முன்னால் நகர்த்த இரண்டு முறை கேட்டேன். கீழே கை எழவில்லை. நாலு பிஸ்கட்டைத் தின்றுவிட்டுப் பொறுத்திருக்கலாம். நான் சாசனத்தைத் திருத்தக் கிளம்பினேன்.

சமையல்காரரை மாஸ்டர் என்போம். வயது ஐம்பத்தெட்டு. அவரும் கடலோர ஊர். குழம்பை 'ஆணம்' என்பார். மேலே உள்ளவர்கள் "மாஸ்டர், இன்னைக்கு ஆணமா பெண்ணமா?" என்று பதினோரு வருஷமாக அதே ஜோக்கை அடிப்பார்கள். அவரும் பதினோரு வருஷமாகப் புதிதாகக் கேட்பதுபோலச் சிரிப்பார். சமையலறைக்குப் பின்னால் ஒரு சிறிய அறையில் படுக்கை. வீட்டுக்கார ஓமானிதான் அவருக்கு விசா கொடுத்த கஃபீல். வில்லாவில் அவர் சமைக்கும்வரைதான் அந்த விசா. வேலை போனால் ஒரு மாதத்தில் வேறு இடம் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் ஊர். அந்த வயதில் வேறு இடம் கிடைப்பது கடினம் என்று அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். அவரை அனுப்புவதானாலும் ரெண்டு கை வேண்டும். அந்த மூன்றாவது வரியில்தான் அவர் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். இது எனக்கு அப்போது தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் அடிக்குறிப்பாகத்தான் போட்டிருப்பேன்.

ஏழு பிரிவுகள் எழுதினேன். ஆளுக்கு ஒரு ஓட்டு. இனி மேலே கீழே என்ற பேச்சே கிடையாது. பெரும்பான்மை முடிவே முடிவு. சம ஓட்டு விழுந்தால் பழைய நிலையே தொடரும். நாலாவது பிரிவுதான் எனக்கு மிகவும் பிடித்தது: தலைவர் நடுநிலையாளர், ஆகவே தலைவருக்கு ஓட்டு இல்லை. தலைவர் யார் என்று எழுதவில்லை. எழுத வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

பழைய சட்டத்தை எடுப்பதற்கும் பழைய சட்டப்படி ரெண்டு கை வேண்டும். கீழே தலைக்கட்டு மாதிரி இருந்தவர் துறைமுகத்தில் ஸ்டோர் கீப்பர். ஒரு ஸ்க்ரூ வாங்கினாலும் எண்ணிப் பார்க்கிற மனுஷன். தாளை மூன்று தடவை படித்தார்.

"அண்ணே, எல்லாம் சரி. மேல எட்டு, கீழ நாலு. ஆளுக்கு ஒரு ஓட்டுன்னா எங்க கை எதுக்கு? முகம் தொடைக்கவா?"

"இனிமே மேலே கீழேன்னு யாரும் ஓட்டுப் போட மாட்டாங்க. விஷயத்தைப் பார்த்துப் போடுவாங்க" என்றேன்.

"சரி, அப்ப ஒண்ணு மட்டும் சேருங்க. மாஸ்டர் விஷயத்துக்கு மட்டும் ரெண்டு கை இருக்கட்டும்."

அந்த ஒரு வரியை எழுத அரை நிமிஷம் ஆகியிருக்கும். நான் எழுதவில்லை. சட்டம் என்றால் பொதுவாக இருக்க வேண்டும், ஒரு தனி மனிதருக்காக ஒரு பிரிவு என்றால் அதன் கட்டுக்கோப்பே கெட்டுவிடும் என்று விளக்கினேன். உண்மையில், ஏழு பிரிவும் ஒரே பக்கத்தில் கச்சிதமாக உட்கார்ந்திருந்தன. எட்டாவது சேர்ந்தால் அடுத்த பக்கத்துக்குப் போய்விடும்.

ஸ்டோர் கீப்பர் சமையலறைப் பக்கம் திரும்பினார். "என்ன காக்கா சொல்றீங்க?" அவர்கள் ஊரில் அண்ணனுக்கு காக்கா என்று பெயர்.

மாஸ்டர் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார். தலை நிமிராமல் சொன்னார்: "படிச்ச புள்ள எழுதுது. தம்பி எழுதுனா சரியாத்தான் இருக்கும். தூக்குங்க."

அவர் சொன்னதற்காகத்தான் அந்தக் கை எழுந்தது. படிச்ச புள்ளைக்கு அப்போது நாற்பத்தொன்பது வயது.

நாள்காட்டித் தாளைக் கிழித்துவிட்டு, பிளாஸ்டிக் உறை போட்ட என் தாளை ஒட்டினோம். முதல் கூட்டத்திலேயே வெள்ளிக்கிழமைச் சாப்பாடு பன்னிரண்டரைக்கு என்று தீர்மானம் நிறைவேறியது. ஏழுக்கு நாலு. யாரும் விஷயத்தைப் பார்த்து ஓட்டுப் போட்டதாகத் தெரியவில்லை. அதன்பின் மாஸ்டர் பதினொன்றரைக்கே சமைத்து ஹாட்பேக்கில் வைத்துவிட்டுத் தொழுகைக்குப் போவார். மேலே நாங்கள் பன்னிரண்டரைக்கு எடுத்துப் போட்டுச் சாப்பிடுவோம். கீழே அவர்கள் வந்து மிச்சத்தைச் சாப்பிடுவார்கள். ஹாட்பேக்கில் சோறு குழைந்தது. மீன் நாறியது. அப்பளம் நமுத்தது. என் சட்டம் செய்த கோளாறு அது. பழி மாஸ்டர் மேல் விழுந்தது.

"கொழஞ்ச சோத்தைத் திங்கவா சட்டம் போட்டோம்?" என்று ஆரம்பித்தவன் மேலே இருந்த கிரேன் ஆபரேட்டர், புதுக்கோட்டைக்காரன். அவனுடைய மச்சான் துபாய் அல் குசைஸில் ஒரு மெஸ்ஸில் சமையல் வேலை பார்த்துவந்தான், விசா முடியும் தறுவாயில் இருந்தது. "அண்ணே, என் மச்சான் வந்தான்னா வெள்ளிக்கிழமை சுடச்சுட இலை போடுவான். அவனுக்கு எங்கேயும் போற ஜோலி இல்ல பாருங்க."

அந்தக் கடைசி வாக்கியத்தில் என்ன இருந்தது என்று எனக்கு விளங்கியது. விளங்காத மாதிரி தாளில் எதையோ எழுதினேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஹாலில் கூட்டம். மாஸ்டரை மாற்றும் தீர்மானம். மாஸ்டர் எல்லோருக்கும் டீ கொடுத்துவிட்டு, தட்டோடு சமையலறை வாசலில் நின்றார். போகச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. மாற்ற வேண்டும் என்று மேலே ஆறு கை எழுந்தது. வேண்டாம் என்று கீழே நாலு கை. பிறகு, யாரும் எதிர்பாராமல், மேலே இருந்த அரியலூர் வெல்டர் கை தூக்கினார். வருஷத்துக்கு நாலு வார்த்தை பேசுகிறவர். "அந்தாளு நல்லாத்தானய்யா சமைக்கிறாரு" என்று அந்த வருஷத்துக் கணக்கை அப்போதே முடித்துக்கொண்டார்.

ஆறுக்கு ஐந்து.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் கை தூக்கினால் ஆறுக்கு ஆறு. சம ஓட்டு என்றால் பழைய நிலை, மாஸ்டர் இருப்பார். ஸ்டோர் கீப்பர் சொன்னார், "அண்ணே, நீங்களும் இந்த வீட்டு ஆளுதானே."

கிரேன் ஆபரேட்டர் பதறி எழுந்தான். "தலைவருக்கு ஓட்டு கெடையாது. நாலாவது பிரிவு. அண்ணனே எழுதுனது. மனப்பாடமா வச்சிருக்கேன்."

என் சட்டத்தை முழுசாகப் படித்த ஒரே ஆள் அவன்தான்.

சட்டத்தைத் தூக்கி எறிந்துவிட்டுக் கை தூக்கியிருக்கலாம். பிளாஸ்டிக் உறை போட்டிருந்தாலும் அது காகிதம்தான், வீட்டுக்குள் ஒட்டியிருந்த காகிதம். "சட்டப்படி எனக்கு உரிமை இல்லை" என்றேன். அதைச் சொன்னபோது நெஞ்சுக்குள் ஏதோ இறங்கியது. துக்கம் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். நிம்மதிதான் அது. மற்ற ஏழு பேரோடு மாடியில் படுத்து எழ வேண்டியவன் நான். அந்தப் பக்கம் கை தூக்கிவிட்டு மேலே ஏறிப் போகும் தைரியம் எனக்கு இல்லை. தைரியம் இல்லாததை மூன்று வாரம் முன்னாலேயே நாலாவது பிரிவாக எழுதி வைத்துவிட்டேன்.

மாஸ்டர் வந்து காலி டம்ளர்களைப் பொறுக்கினார். என் டம்ளரில் பாதி டீ இருந்தது. "ஆறிப்போச்சு தம்பி, சூடு பண்ணித் தரவா?" என்று கேட்டார்.

வீட்டுக்கார ஓமானி ஒரு மாதம் தவணை கொடுத்தார். மாஸ்டர் என்னிடம் ஒரு கடிதம் கேட்டார், எங்கே வேலை கேட்டாலும் காட்டுவதற்கு. கை சுத்தம், நல்ல சமையல், பதினோரு வருஷம் ஒரு புகாரும் இல்லை என்று இங்கிலீஷில் எழுதி, தமிழில் படித்துக் காட்டினேன். விலகும் காரணம் என்று ஒரு வரி வர வேண்டும். 'நிர்வாகச் சீர்திருத்தம்' என்று போட்டேன்.

"அப்படின்னா?"

விளக்கினேன்.

"எனக்கே வெளங்கல தம்பி. வேலை கொடுக்கிறவனுக்கு வெளங்குமா?"

'உடல்நிலை' என்று மாற்றினேன்.

"அல்லாவே, எனக்கு என்ன நோவு? அதைப் படிச்சா எவன் எடுப்பான்?"

கடைசியில் அந்த வரியையே எடுத்துவிட்டேன். ஏழு பிரிவு எழுதியவனுக்கு ஒரு வரி வரவில்லை. கீழே என் பெயரும், தலைவர் என்ற பட்டமும், போன் நம்பரும் இருந்தன.

இரண்டு வாரம் கழித்து மஸ்கட் ரூவியிலிருந்து போன் வந்தது. சின்ன ஹோட்டல் வைத்திருக்கும் தமிழர். "அஸ்ஸலாமு... மன்னிச்சுக்கங்க, வணக்கம். மாஸ்டர் ஒருத்தர் உங்க நம்பர் கொடுத்தாரு. ஆள் எப்படி?"

"தங்கமான மனுஷன். சமையல் பிரமாதம்."

"அப்புறம் ஏன் அனுப்புறீங்க?"

கடிதத்தில் விட்ட உண்மையை இங்கேயாவது சொல்லிவிட வேண்டும் என்று ஒரு வேகம் வந்தது. பாவத்தைக் கழுவிக்கொள்ள நல்ல சந்தர்ப்பம் என்று பட்டிருக்க வேண்டும். "அவர் மேல தப்பே இல்லைங்க. ஓட்டெடுப்பு நடந்துச்சு. ஆறுக்கு அஞ்சு."

"ஓட்டா? சமையக்காரருக்கா?"

நாள்காட்டித் தாளிலிருந்து ஆரம்பித்து, மேலே கீழே, ரெண்டு கை, ஜும்மா, பன்னிரண்டரை என்று முழுவதையும் சொன்னேன். என் நாலாவது பிரிவையும் சொன்னேன். மனுஷன் பொறுமையாகக் கேட்டார்.

"ஆக, மெஸ்ல ரெண்டு பக்கத்துக்கும் தகராறு. அதுல இவரு ஒரு பார்ட்டி."

"தகராறுன்னு சொல்ல முடியாது..."

"புரியுதுண்ணே. என் கடைக்கு உங்க ஆளும் வர்றாங்க, எங்க ஆளும் வர்றாங்க, மலையாளி, பெங்காலி எல்லாம் வர்றாங்க. எனக்கு அந்த வம்பு வேணாம். சமைக்கத் தெரிஞ்ச ஆளு நெறைய கெடைக்கிறான்." வைத்துவிட்டார்.

திருப்பிக் கூப்பிட்டிருக்கலாம். வேறு மாதிரி சொல்லியிருக்கலாம். போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான்.

கீழே இருந்த நால்வரும் அந்த மாதக் கடைசியிலேயே வேறு வீடு பார்த்துக்கொண்டு போனார்கள். இப்போது கீழேயும் எங்கள் ஊர்ப் பக்கத்து ஆட்கள்தான். எல்லாத் தீர்மானமும் ஒருமனதாக நிறைவேறுகிறது. பல்பு உடனுக்குடன் மாறுகிறது.

மாஸ்டர் ஊருக்குப் போவதற்கு முந்தின நாள் சமையலறைத் தரையில் உட்கார்ந்து அட்டைப்பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். நான் முடிச்சுப் போட விரலை வைத்துக் கொடுத்தேன்.

"அந்த ரூவிக்காரரு கூப்பிட்டாரா தம்பி? உங்க நம்பரைத்தான் கொடுத்திருந்தேன்."

"கூப்பிட்டார் மாஸ்டர்."

"என்ன சொன்னீங்க?"

"நல்லவிதமாத்தான் சொன்னேன்."

"அது தெரியாதா எனக்கு. நீங்க வேற எப்படிச் சொல்லப்போறீங்க." கயிற்றை இழுத்து இறுக்கினார். "அவருக்கு அதுக்குள்ள வேற ஆளு கெடச்சிருக்கும்."

"இருக்கும் மாஸ்டர்" என்றேன்.