கிராம சபையில் பருப்பு வெந்த நாள்

“அளத்தோரம் குடியிருப்பில் குழாய்வழி வழங்கப்படும் நீரில் துவரம் பருப்பு வேகவில்லை எனப் பொதுமக்களால் தெரிவிக்கப்பட்டது.”

எங்கள் ஊராட்சியின் தீர்மானப் புத்தகத்தில், 2023 மே முதல் தேதி, திங்கட்கிழமை நடந்த கிராம சபைக் கூட்டத்தின் கீழ் இந்த வரி இருக்கிறது. கையெழுத்து என்னுடையது. நான் முதலில் எழுதிய சொல் ‘காட்டப்பட்டது’. பற்றாளர் அதை அடிக்கச் சொன்னார். ஒவ்வொரு கிராம சபைக்கும் ஒன்றிய அலுவலகத்திலிருந்து ஓர் அலுவலர் பற்றாளராக வருவார். கூட்டம் முறையாக நடந்தது என்பதற்கு அவர்தான் சாட்சி. “தெரிவிக்கப்பட்டதுன்னு போடுங்க சார், அதுல யாருக்கும் சண்டை வராது” என்றார். அன்று காட்டப்பட்டது என்ன என்பதில்தான் சண்டையே என்பதால், நானும் அடித்துவிட்டேன்.

நான் எழுதியதற்குக் காரணம் உண்டு. எங்கள் ஊராட்சிச் செயலர் பக்கத்து ஊராட்சியையும் கூடுதலாகப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு ஊரிலும் ஒரே காலையில் கூட்டம். அவர் அங்கே போய்விட, அஞ்சல் நிலையத்தில் தேதி முத்திரை குத்தியே ஓய்வு பெற்ற வார்டு உறுப்பினரான என்னிடம் புத்தகம் வந்தது. என் வார்டு மேட்டுத் தெரு. தேவாலயத்தைச் சுற்றி இருக்கும் வீடுகள். அளத்தோரம் அடுத்த வார்டு. கிழக்கே இறங்கினால் உப்புப் பாத்திகள் தொடங்கும் இடத்தில், அளத்தில் கூலி வேலை செய்கிறவர்களின் வீடுகள்.

பிரச்சினை இதுதான். ஒன்றியத்திலிருந்து அந்த ஆண்டு ஒரு வேலைக்கு மட்டும் முதலிடம் கொடுத்து அனுப்பச் சொல்லியிருந்தார்கள். ஊராட்சித் தலைவர் கேட்டது, பிரம்மதேசம் போகும் சாலையோர ஏரிக்கரை ஆழ்துளைக் கிணற்றிலிருந்து அளத்தோரத்துக்குக் குழாய். மேட்டுத் தெரு ஆண்கள் கேட்டது, தெருவுக்குப் பேவர் பிளாக். தலைவர் அளத்தோரத்துப் பெண். தேர்தலுக்கு முந்தின கோடைவரை அளத்தில் உப்பு வாரியவர். அவருக்கு முன்பு தலைவராக இருந்தவர் மேட்டுத் தெருக்காரர். ஊரே அவரை ‘மாஜி’ என்றுதான் கூப்பிடும். அவரும் அதை ஒரு பட்டமாகவே வைத்துக்கொண்டிருந்தார்.

குழாய் வராவிட்டால் என்ன ஆகும் என்பதை நான் தினமும் காலையில் பார்த்தேன். அளத்தோரத்துப் பெண்கள் அளத்துக்கு இறங்குவதற்கு முன், இருட்டோடு குடத்தைத் தூக்கிக்கொண்டு எங்கள் தெருக் குழாய்க்கு வருவார்கள். எங்கள் தெருப் பெண்கள் “எங்களுக்கே பத்தல” என்பார்கள். குடம் உருளும். இரண்டு முறை போலீஸ் வந்தது.

சாமியானா போட்டது பள்ளிக்கூடத்துக்கு எதிரே, டீக்கடையை ஒட்டி. உழைப்பாளர் சூசையப்பர் திருநாள் பூசை முடிந்து எங்கள் தெருப் பெண்கள் முக்காட்டோடு அப்படியே வந்து உட்கார்ந்தார்கள். அளத்தோரத்துப் பெண்கள் விடியற்காலை வேலையை முடித்துக்கொண்டு, முழங்கால்வரை வெள்ளையாக உப்பு பூத்த காலோடு வந்தார்கள். வாசலில் எல்லாரும் கையெழுத்துப் போட்டாயிற்று. ஆனால் தீர்மானத்துக்குக் கை தூக்கும்போது ஆள் உள்ளே இருக்க வேண்டும். அந்தக் கவலை எனக்கு அப்போதே இருந்தது. மேற்கே திண்டிவனம் பக்கம் வானம் மங்கலாக இருந்தது.

மாஜி ஒரு தாளை ஆட்டியபடி எழுந்தார். அளத்தோரத்துக் குழாய்த் தண்ணீரின் பரிசோதனை அறிக்கை.

“தலைவரம்மா, ரிப்போர்ட்டு கைல இருக்குது. குடிக்க ஏத்த தண்ணின்னு கவர்மெண்டே சொல்லிட்டான். அப்புறம் எதுக்கு உங்களுக்குப் பைப்பு?”

நான் அறிக்கையை வாங்கித் தேதியைப் பார்த்தேன். மாதிரி எடுத்தது மார்கழியில், மழை நின்ற கையோடு. அப்போது இந்தக் கடற்கரையில் எந்தக் கிணறும் சற்று இனிக்கும். இதைச் சொன்னேன். பற்றாளர் தலையை ஆட்டினார். “நீங்க சொல்றது நியாயம்தான் சார். ஆனா ரிப்போர்ட்டு ரிப்போர்ட்டுதான்.”

“தண்ணி நல்லா இருந்தா நாங்க ஏன் வர்றோம் உங்க தெருவுக்கு?” என்றார் தலைவர். “பருப்பு வேகறதில்லைங்க. அடுப்புல வச்சா சுண்டி சுண்டி கல்லாட்டம் நிக்குது.”

“உங்க பருப்பு இங்க வேகாதுன்னு தெரிஞ்சு போச்சு, அதான் கத வுடறீங்க!” என்றார் மாஜி.

எங்கள் தெரு ஆண்கள் பந்தல் அதிரச் சிரித்தார்கள். தலைவர் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார்.

“அதாங்க நானும் சொல்றேன். எங்க தண்ணில எங்க பருப்பு வேகாது. இங்கயே வச்சுப் பாத்துடலாமா?”

மாஜி எதிர்பார்க்கவில்லை. ஆனால் அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது பின்வாங்கவும் முடியவில்லை. “வைங்க. நானா பயப்படறேன்?”

“யார் வைக்கறது? அப்புறம் ஏதாச்சும் சொல்லக் கூடாது.”

“உன் நாத்தனாரே வைக்கட்டும்மா. பருப்புக்கு ஆள் தெரியுமா?” என்றார் மாஜி.

தலைவரின் நாத்தனார் தன் வீட்டுக்கு ஓடிப்போய் ஒரு பையில் பருப்பும், அளத்தோரத்துக் குழாய்த் தண்ணீர் ஒரு குடமும் கொண்டுவந்தாள். எங்கள் தெருக் குழாயிலிருந்து இன்னொரு குடம். டீக்கடை அடுப்பில் இரண்டு பர்னர். ஒரே அளவில் இரண்டு அலுமினியக் குண்டான். எது எந்தத் தண்ணீர் என்று நான் சாக்கட்டியால் குறித்தேன், நாத்தனார் பருப்பைப் போட்டு அடுப்பில் ஏற்றினாள். அதோடு திரும்பி வந்து புத்தகத்தைத் திறந்து அடுத்த பொருளை எழுத ஆரம்பித்தேன். அடுப்பைப் பார்த்துக்கொண்டு உட்காரவில்லை. வேறு யாரும் பார்த்துக்கொண்டிருந்ததாகவும் பின்னால் யாரும் சொல்லவில்லை. எல்லார் கண்ணும் மேற்கே போயிருந்தது.

மேகம் கருத்துக்கொண்டு வந்தது. கோடையில் வாரிய உப்பு வரப்பில் குவியல் குவியலாகத் திறந்து கிடக்கும். ஒரு நல்ல மழை போதும், கரைந்து பாத்திக்கே திரும்பிவிடும். பெண்களின் மடியில் போன்கள் அடிக்கத் தொடங்கின. மேஸ்திரிகள்.

“அக்கா, தார்ப்பாய் போட வரச் சொல்றான். போலன்னா நாளைக்கு அளத்துல இறக்க மாட்டான்க்கா” என்றாள் ஒருத்தி.

“தெரியுதுடி. நானும் அங்க நின்னவதான். கொஞ்சம் இரு” என்றார் தலைவர்.

“சார், நேரமாவுது” என்று மாஜி பற்றாளரிடம் குனிந்தார். “பருப்பு அது பாட்டுக்கு வேவட்டும். நீங்க கைய தூக்கச் சொல்லுங்க.” அப்போதே கை தூக்கியிருந்தால் அறிக்கைதான் ஜெயித்திருக்கும், சிறிது நேரம் போனால் அளத்தோரத்துக்காரர்கள் எழுந்து ஓடியிருப்பார்கள். இரண்டுமே அவருக்கு லாபம். பற்றாளர் வானத்தையும் அடுப்பையும் மாறி மாறிப் பார்த்தார். பின் வரிசையில் இரண்டு பேர் குனிந்தபடி நழுவினார்கள்.

கடைசியில் பற்றாளரே எழுந்து போய் மூடியைத் திறந்தார். முதலில் மேட்டுத் தெருத் தண்ணீர். கரண்டியால் அழுத்தினார். வெந்திருந்தது. அடுத்து அளத்தோரம். கரண்டி பட்டதும் குழைந்துவிட்டது. முதல் குண்டானைவிட நன்றாகவே வெந்திருந்தது.

“அடேங்கப்பா!” என்றார் மாஜி. “எங்க தண்ணியவிட உங்க தண்ணி தேவலாம் போலருக்குதே. இனிமே நாங்க குடத்த தூக்கினு அங்க வர்றோம், கொஞ்சம் இடம் குடுங்கம்மா!”

தலைவரின் முகத்தில் நிறமே இல்லை. அளத்தோரத்துப் பெண்கள் அவரைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார்கள். வேலையை விட்டுவிட்டு, உப்பை விட்டுவிட்டு உட்கார வைத்தவர் அவர்தான். அவர் மெதுவாக நாத்தனாரிடம் போனார்.

“ஏய், என்னடி போட்ட?”

நாத்தனார் பருப்புப் பையைப் பார்த்தாள். கை வாய்க்குப் போனது.

“ஐயோ அண்ணி… சோடா உப்பு.”

“என்னது?”

“கொதி வந்துச்சு அண்ணி, கை தானா போயிடுச்சு. நம்ம வீட்ல அது போடாம என்னிக்குப் பருப்பு வச்சிருக்கறோம்?”

பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துக் காட்டினாள். பாதி காலியான சோடா உப்பு. பருப்பும் அதுவும் ஒரே டப்பாவில் இருக்கும், பருப்பை எடுக்கும்போது அதையும் போட்டுக்கொண்டு வந்தேன் என்றாள்.

“பருப்பு வெந்தப்புறம்தான் சோடா முளைக்குதா?” என்று மாஜி கத்தினார். “சரி, போட்டேன்னே வச்சுக்குவோம். ரெண்டுலயும் போட்டியா?”

“இல்ல. எங்க தண்ணில மட்டும்தான்.”

“அது ஏன் அப்படி?”

“உங்க தண்ணிக்கு எதுக்குங்க சோடா?”

எங்கள் தெருப் பெண்கள் பக்கத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மாஜி திரும்பிப் பார்த்தார்.

பற்றாளர் கையைத் துடைத்துக்கொண்டார். “வேணாம்மா. இது சரிப்படாது. இன்னொரு நாள் முறையா தண்ணி எடுத்து டெஸ்டுக்கு அனுப்பலாம். இப்போதைக்கு ரோட்டுக்கு முதலிடம் போட்டு முடிச்சுடலாம்.”

முதல் காற்று வீசி சாமியானாவைத் தூக்கியது. அளத்தோரத்துப் பெண்களில் பாதிப்பேர் எழுந்துவிட்டார்கள்.

“ஒரே நிமிஷம்” என்றார் தலைவர். “போறதுக்கு முன்னாடி இது ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போங்க. உங்கள்ல யார் வீட்ல பருப்புக்கு சோடா உப்பு போடறீங்க? கைய தூக்குங்க.”

நின்றவர்கள் நின்றபடியே, உட்கார்ந்தவர்கள் உட்கார்ந்தபடியே கையைத் தூக்கினார்கள். அளத்தோரத்துக்காரர்களில் தூக்காத பெண் ஒருத்தியும் இல்லை. ஆண்கள் சிலர் மனைவியைத் திரும்பிப் பார்த்துவிட்டுத் தூக்கினார்கள்.

“மேட்டுத் தெருவுல?”

“நாங்க பஜ்ஜிக்குத்தான் வாங்குவோம்” என்றார் எங்கள் தெரு அம்மா ஒருவர். குழாய் அவர் வீட்டு வாசலில்தான் இருக்கிறது.

“கைய கீழ போடாதீங்க” என்றார் தலைவர், தன் ஆட்களைப் பார்த்து. “பைப்பு வேணும்னா அப்படியே வச்சிருங்க. சார், எண்ணிக்குங்க.”

“இது போங்கு!” என்றார் மாஜி. “சோடாவுக்குத் தூக்குன கை சார் இது!”

“பைப்புக்கு இல்லன்னு நெனைக்கறவங்க எறக்கிக்கட்டும்” என்றார் தலைவர்.

ஒரு கையும் இறங்கவில்லை. பற்றாளர் எண்ணினார். எண்ணிவிட்டு உதட்டைப் பிதுக்கினார். நழுவியவர்கள் போக, மேட்டுத் தெருவுக்கு எதிரே அது போதவில்லை. அப்போது அந்தக் குழாய் வாசல் அம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கையைத் தூக்கினார்.

“ஏம்மா, நீ எந்தத் தெரு?” என்றார் மாஜி.

“எந்தத் தெருவா? தினம் விடியறதுக்குள்ள என் வாசல்ல இத்தினி குடம் நிக்குது. பூசைக்குப் போறதுன்னாகூட குடத்தத் தாண்டித்தான் போறேன். அதுங்களுக்குப் பைப்பு போட்டாதான் என் வாசல் எனக்கு. நீ போடற கல்லு ரோட்ல சண்டை போட்டா மட்டும் அழகா இருக்குமா?”

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்துக்கொண்டே தூக்கினார்கள். நானும் பேனாவை வைத்துவிட்டுத் தூக்கினேன். “சார், நீங்களுமா?” என்றார் மாஜி. அதற்குள் பெரிய துளிகள் விழத் தொடங்கிவிட்டன. பற்றாளர் “நிறைவேறிச்சு, நிறைவேறிச்சு” என்று சொல்லி முடிப்பதற்குள் அளத்தோரம் முழுவதும் உப்பளத்தை நோக்கி ஓடியது. தலைவரும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினார். அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியில் பை மட்டும் இருந்தது. நான் புத்தகத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் ஒதுங்கினேன். அங்கே நின்றபடிதான் அந்த வரியை எழுதியதும், பற்றாளர் சொல்லி அந்தச் சொல்லை அடித்ததும்.

குழாய் உடனே வரவில்லை. மறு ஆண்டு வந்தது. இப்போது அளத்தோரத்தில் ஏரிக்கரைத் தண்ணீர் வருகிறது. எங்கள் தெருவில் குடச் சண்டை இல்லை. மழை பெய்தால் சேறு இருக்கிறது. தலைவரைப் பார்க்கும்போதெல்லாம் மாஜி, “அந்த சோடா கதைக்கே உனக்கு எம்.எல்.ஏ. சீட்டு தரலாம்மா” என்பார். பருப்பு வெந்ததும் நாத்தனார் பயந்து, பையிலிருந்த பொட்டலத்தைப் பார்த்து அந்த நொடியில் கட்டிய கதை என்பது அவர் வாதம். எங்கள் தெருவில் இன்றும் பலர் அப்படித்தான் சொல்கிறார்கள். அது உண்மையானால், தெருவுக்கு வர வேண்டிய சாலை ஒரு பொய்யால் போனது என்று ஆகும். அதனால் நான் விசாரித்தேன்.

அந்தத் தண்ணீரை எடுத்து நானே வேகவைத்துப் பார்க்கலாம் என்று நினைத்தேன். அந்த வாரம் முழுவதும் விட்டு விட்டு மழை. கிணற்றுத் தண்ணீர் மாறியிருக்கும். அடுத்த கோடைக்குள் புதுக் குழாய் வந்து, பழைய மோட்டாரைக் கழற்றிவிட்டார்கள். சோடா போட்ட பருப்பில் சோப்பு வாசனை லேசாக வரும் என்பார்கள். டீக்கடைக்காரரைக் கேட்டேன். “ரெண்டையும் ஒரே குண்டான்ல கொட்டி, உப்பு போட்டுத் தின்னுட்டேன் சார். பசிக்கு எது வாசனை?” என்றார். பொட்டலம் பாதி காலியாக இருந்தது உண்மை. அளத்தோரத்தில் எந்த வீட்டிலும் அது பாதி காலியாகத்தான் இருக்கும்.

நாத்தனாரை மூன்று வெவ்வேறு சமயங்களில் கேட்டேன். மூன்று முறையும் “போட்டேன் சார்” என்றாள். கடைசி முறை, “ஏன் சார், இன்னும் அந்தப் பருப்பு உங்களுக்கு வேகலையா?” என்று சேர்த்துக்கொண்டாள். அவள் போட்டதைப் பார்த்தவர் ஒருவரையும் நான் இதுவரை கண்டுபிடிக்கவில்லை. அந்தக் குண்டானில் சோடா உப்பு விழுந்தது என்பது அவள் சொல் மட்டுமே, உறுதி செய்யப்படவில்லை.