ரத்தினவேல் உதறிய துண்டு

ரத்தினவேலுக்குக் கடவுள் கொடுத்தது இரண்டு கை. மூன்றாவது கை அவர் தோளில் கிடக்கும் வெள்ளைத் துண்டு. பஸ்ஸை நிறுத்த, ஈ விரட்ட, வேண்டாத பேச்சை முடிக்க, எல்லாவற்றுக்கும் அதை ஒரு உதறு உதறுவார். "வாயத் தொறந்து சொன்னா முத்தா உதுந்துரும்?" என்பாள் அவர் மனைவி செவந்தி. அதற்கும் ஒரு உதறுதான் பதில்.

அரிமளம் பக்கத்தில் எங்கள் ஊர்க் கண்மாயின் மீன் குத்தகை அந்த வருஷம் அவருக்கு. செவந்தியின் சங்கிலியை அடகு வைத்துத்தான் மீன்குஞ்சு வாங்கி விட்டார். குத்தகைக்காரர் முதலில் வலை போட்டு விற்றுக்கொள்வார். அதன்பின் ஊர்த்தலைவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டு வீசுவார். வீசிவிட்டால் மிச்ச மீன் எல்லோருக்கும் சொந்தம், யாரும் இறங்கலாம். இது எங்கள் வழக்கம்.

துண்டு வீசுவது ஞாயிற்றுக்கிழமை. இடம் பிடிக்கிறேன் என்று சுற்றுவட்டாரம் முழுக்க சனிக்கிழமை காலையிலேயே, மீனைக் கவிழ்த்துப் பிடிக்கும் ஊத்தாக் கூடையும் கையுமாகக் கரையில் வந்து உட்கார்ந்துவிட்டது. அன்றைக்குத்தான் ரத்தினவேல் வலை போட வேண்டும். வலைக்காரர்களை எதிர்பார்த்துக் கரைமேல் நின்றார். காதருகே ஒரு குளவி "ஙொய்ங்ங்" என்று வந்தது. அப்புறம் என்ன, கை தானாகத் துண்டுக்குப் போயிற்று.

"வீசியாச்சுடோய்!"

கரை காலி. கண்மாய் முழுக்க மனிதத் தலை.

"ஏறுங்கய்யா! இன்னும் வீசலைய்யா!" என்று அலறினார். அலறியதோடு விட்டிருக்கலாம். துண்டையும் சேர்த்து ஆட்டினார். எதிர்க்கரையில் தயங்கி நின்றவர்களும் அதைப் பார்த்துவிட்டுக் குதித்தார்கள்.

ஓடிவந்த செவந்தி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டாள். "நம்ம மீனு, நம்மளும் ரெண்டு புடிப்போம்!" கரையில் நின்ற மனிதருக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணைத் துடைக்கத் துண்டைத் தூக்கினார். "அதத் தொடாதீங்க!" என்று தண்ணீருக்குள்ளிருந்து கத்தினாள்.

மாலையில் ஊர்த்தலைவர் ஞானமணி கூட்டம் போட்டார். எல்லார் கையிலும் மீன்குழம்பு வாசம்.

"வீசுனது வீசுனதுதான். அடுத்த வருசமும் குத்தகை ரத்தினவேலுக்கே, ஏலம் கெடையாது. குஞ்சு ஊர்ச் செலவு. ஆனா துண்டோட கரைப்பக்கம் வரப்புடாது."

பயத்தில் மனிதர் ஊருக்குள்ளேயும் துண்டு போடவில்லை. கை தோளுக்குப் போய், வெறுந்தோளைத் தடவிவிட்டுத் திரும்பும். பார்க்கவே பாவமாக இருக்கும். பஸ்கூட அவருக்கு நிற்காமல் போனது.

மறுவருஷம் ஒழுங்காக வலை போட்டு, லோடு ஏற்றி, சங்கிலியையும் மீட்டார். ஞாயிற்றுக்கிழமை ஞானமணி தன் துண்டையே அவர் கையில் கொடுத்தார். "இந்த வருசம் நீங்களே வீசுங்க."

வாழ்நாளெல்லாம் உதறிய கை அன்றைக்கு எழும்பவில்லை. கரை முழுக்க ஜனம் காத்திருந்தது.

"லோடு போயிருச்சுல்ல?" என்று செவந்தியிடம் கேட்டார்.

"போயிருச்சுங்க."

"எல்லாமா?"

"எல்லாந்தேன். வீசுங்க."

வீசவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. செவந்தி பொறுத்துப் பார்த்தாள். பிறகு கழுத்துச் சங்கிலியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, அவர் காதருகே எட்டி, "ஙொய்ங்ங்" என்றாள்.

துண்டு பறந்தது.