ஆடி கழிந்து பார்த்த வாடகை வீடு

இதை எழுதவே வேண்டாம் என்றுதான் இருந்தேன். எழுதுவது என் வேலையும் இல்லை. ஆனால் காரைக்குடியில் வாடகைக்கு வீடு தேடி அலைகிறவர்கள் இப்போது நிறையப் பேர். அவர்கள் மட்டும் படித்தாலே போதும்.

கண்டரமாணிக்கத்தில் எனக்குப் பெண் பேசியிருந்தார்கள். டவுனில் தனி வீடு பிடித்த பிறகுதான் தேதி குறிப்பேன் என்றார் பெண்ணின் அப்பா. நானும் அம்மாவும் இருந்தது ஒற்றை அறை. மூன்றாவது ஆள் வந்தால் ஒருவர் நின்றுகொண்டுதான் தூங்க வேண்டும்.

தேடியதில், ஒரு ஆச்சியின் பெரிய வீட்டுக்குப் பின்னால் வரிசையாக இருந்த ஓட்டு வீடுகளில் ஒன்று காலி. என் சம்பளத்துக்குக் கட்டுப்படியாகும் வாடகை. அதற்குள் ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் குடிபோகக் கூடாது, அட்வான்ஸும் கொடுக்கக் கூடாது. ஆவணி முதல் முகூர்த்தத்தில் பால் காய்ச்சிக்கொள்வதாக வாய்ப்பேச்சு. அதுவரை அந்தத் தெருப்பக்கமே போகாதே என்று அம்மா சொல்லிவிட்டார். நல்ல பிள்ளையாகக் கேட்டுக்கொண்டேன்.

முகூர்த்தத்தன்று பால் செம்போடு போனால், வீட்டைக் காணோம். வரிசையையே காணோம். வெறும் மண், நடுவில் ஒரு குழி, பக்கத்தில் ஐயர். ஆச்சிக்கும் அதே முகூர்த்தம்தான், பூமி பூஜைக்கு. குடிபோகத்தான் ஆடி ஆகாது. இடிக்க அதைவிட நல்ல மாதம் கிடையாது போலிருக்கிறது.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன்.

"நல்ல விசயத்த ஆடியில பேசக் கூடாதுன்னு விட்டுட்டேன் தம்பி. பால் கொண்டாந்திருக்கீகளா? நல்ல சகுனம், இங்குட்டுக் குடுங்க."

என் பால் குழிக்குள் போனது.

சிங்கப்பூர் மகன் பெரிய வீட்டைப் பின்பக்கமாக நீட்டுகிறாராம். பத்து அறை, அறைக்கொரு பாத்ரூம். முன்னோர்களுக்குப் படைப்பு என்று குடும்பத்தில் எல்லோரும் வரும்போது திறப்பார்களாம், மற்ற நாளெல்லாம் பூட்டு. குளிக்க ஆளில்லாத பாத்ரூம்களுக்காக, அங்கே குளித்துக்கொண்டிருந்த குடும்பங்கள் வெளியே. அவர்கள் பக்கத்துத் தெருக்களில் போய்க் கதவைத் தட்டினார்கள். தட்டுகிற சத்தம் கேட்டு அங்கிருந்த வீட்டுக்காரர்கள் வாடகையை ஏற்றினார்கள். அந்த வாடகை கட்ட முடியாமல் என்னோடு பட்டறையில் வேலை பார்க்கும் கூட்டாளி கல்லலுக்குப் போய்விட்டான். தினமும் ரயிலேறி வருகிறான்.

நான் முழித்ததைப் பார்த்து ஆச்சிக்கு இரக்கம் வந்துவிட்டது.

"முன்னால வாட்ச்மேன் ரூம் ஒண்ணு கட்டுறோம். கல்யாணத்த முடிச்சு அந்தப் பிள்ளையையும் கூட்டியாங்க. பாத்ரூமெல்லாம் அது கழுவட்டும். வாடகை வேணாம்."

பெண்ணின் அப்பாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"ஆளில்லாத கக்கூச கழுவவா எம்மக வாரா? வேற வீடு பாருங்க. இல்லாட்டி விட்ருங்க."

வைத்துவிட்டார்.

பட்டறையில் இதையெல்லாம் கூட்டாளியிடம் நடித்துக் காட்டிச் சிரித்தேன். ஆச்சிக்கு என்னடா பதில் சொல்வது என்று கேட்டேன். அவன் சிரிக்கவில்லை.

"ஒனக்கு வேணாம்னா அந்த ரூம எனக்குச் சொல்லிவிடு மாப்ள."