கழற்றி மாட்டும் பல்

சலவைக்கூடத்தில் அவளுக்கு வாய்ப்பொத்தி என்று பெயர். மேல்வரிசையில் முன்பற்கள் இரண்டும் கிடையாது. சிரிப்பு வந்தால் கை தானாக வாய்க்குப் போய்விடும். படுக்கை விரிப்புகளை மடிக்க இரண்டு கையும் வேண்டும். அந்த நேரம் பார்த்து யாராவது சிரிக்க வைத்தால் விரிப்புக்குள்ளேயே முகத்தைப் புதைத்துக்கொள்வாள். மறுமுனையைப் பிடித்திருக்கும் தோழி அவள் சிரித்து முடிக்கும்வரை நிற்பாள்.

பல் போன கதையைப் புருஷன் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தான். "குளியலறையில வழுக்கி விழுந்துட்டா. பார்த்து நடன்னா கேட்டாத்தானே."

நடந்தது வேறு. கடைச் சாவியை அவள் எங்கோ வைத்துவிட்டுத் தேடிக்கொண்டிருந்தாள். சாவி கிடைப்பதற்குள் பூட்டு பறந்து வந்தது. இரும்புக்கடைக்காரன் வீட்டுப் பூட்டு, நல்ல கனம். மறுத்துப் பேச அவளால் முடியவில்லை. பேசினால் வாயைத் திறக்க வேண்டுமே. விவரம் தெரியாத மகன், வளர்ந்து சம்பாதித்ததும் முதல் வேலையாகக் குளியலறைக்குச் சொரசொரப்பான தரை போட்டுக் கொடுத்தான். அந்தப் பொய்யின் மேல்தான் அவள் தினமும் நடந்தாள்.

இப்போது புருஷன் வியாபாரிகள் சங்கத் தலைவர். பாராட்டுக் கூட்டம், மேடை, மனைவியோடு போட்டோ. அவள் வாய் அப்போதுதான் அவன் கண்ணில் பட்டது. பல் டாக்டரிடம் கூட்டிப்போனான்.

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். "மூணு வழி இருக்கும்மா. எலும்புல ஸ்குரூ இறக்கி அதுமேல பல் வைக்கலாம். உறுதியா நிக்கும், ஆனா மாசக்கணக்காகும். பிரிட்ஜ்னா ரெண்டு பக்கத்து நல்ல பல்லையும் ராவி, எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே கோர்வையா ஒட்டிடுவோம். சீக்கிரம் முடியும். இல்லன்னா கழட்டி மாட்டுற செட். ஆரம்பத்துல பேச்சு குழறும், பழகிடும்."

"பிரிட்ஜே போடுங்க டாக்டர்" என்றான் அவன். "யாருக்கும் தெரியக் கூடாது."

இரண்டு பல்லை அவன் எடுத்தாயிற்று. ஒரு பாவமும் அறியாத இன்னும் இரண்டை அவன் போட்டோவுக்காக ராவ வேண்டுமா?

"அந்தக் கழட்டுறதை நினைச்ச நேரம் கழட்டலாமா?" என்று கேட்டாள்.

"தாராளமா. தூங்கும்போது கழட்டித் தண்ணில போட்டு வைக்கணும்."

"எனக்கு அதுவே போதும்."

அவன் முறைத்தான். "ராவுற சத்தம் கேட்டா மயக்கம் வந்துடும்" என்றாள். நாள் முழுக்க இயந்திர இரைச்சலில் நிற்பவள் சொன்ன பொய்.

"பயந்தாங்கொள்ளி" என்று அவன் டாக்டரைப் பார்த்துச் சிரித்தான். அதையும் அவள் மனசுக்குள் முடிந்துவைத்தாள்.

செட் வந்தது. கட்டைவிரலால் பின்னால் நெம்பினால் சத்தமில்லாமல் கையில் விழுந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்திலெல்லாம் அதையே செய்து பார்த்தாள்.

"எல்லாரும் மாட்டத்தான் பழகுவாங்க. நீ என்னக்கா கழட்டப் பழகுற?" என்றாள் தோழி.

"தேவைப்படும்."

கூட்டத்தன்று சங்கச் செயலாளர் மைக்கில் உருகினார். "நம்ம தலைவர் கோபப்பட்டு நான் பார்த்ததே இல்ல. எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காதவர்." கைதட்டல் எழுந்தது. தலைவர் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டார்.

போட்டோக்காரர் கேமராவைத் தூக்கினார். "அம்மா, கொஞ்சம் சிரிங்க."

அவள் செட்டைக் கழற்றிப் புருஷன் முன்னாலிருந்த தண்ணீர்க் கிளாசில் போட்டாள். பிறகு, கையை மடியிலேயே வைத்துக்கொண்டு, வாய் நிறையச் சிரித்தாள். வெளிச்சம் பளிச்சிட்டது.

செயலாளர் கையில் மைக் இருப்பதை மறந்துவிட்டார். "ஐயோ, பல்லுக்கு என்னம்மா ஆச்சு?"

அவள் மைக்கின் பக்கம் சாய்ந்தாள். "தலைவரையே கேளுங்க. அவர் வீசின பூட்டுதான்."

பல் இல்லாமல் பேசுவது அவளுக்கு எத்தனையோ வருடப் பழக்கம். ஒரு சொல்லும் குழறவில்லை. கடைசி வரிசையில் மகன் எழுந்து நின்று அப்பாவையே பார்த்தான்.

"எடுத்து மாட்டுடி" என்று பல்லைக் கடித்தான் புருஷன்.

"ஊறட்டும்" என்றவள், போட்டோக்காரரைப் பார்த்தாள். "தம்பி, இதையே பெரிசாப் போட்டுக் குடுங்க. சங்கத்துல மாட்டணும்."